ஆயுட் காப்புறுதியும் தேக ஆரோக்கியமும்



நமது மலைநாட்டிலே மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டம் அரிது. வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பகுதிகளில் வாழும் உங்களுக்கு அச்சங்கத்தை நான் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் ஒரு சிறு சந்தாவைச் செலுத்துகின்றது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் சங்கம் தாமதமின்றி ஒரு தொகையை அவ்வீட்டார் கையிற் கொடுக்கின்றது. பெட்டிக்கும் பந்தலுக்கும் வழி செய்கின்றது. எழுபது வயதுப் பெரியவர் இருக்கும் வீடும், நேற்று மணமுடித்த இளந்தம்பதியர் வீடும் ஒரே சந்தாவைத்தான் செலுத்துகின்றன. உமக்குச் சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா என்று எவரும் எவரையும் கேட்பதில்லை.

அதே தோட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் முன்மொழிவுப் படிவத்தைக் கையில் எடுக்கட்டும். முதலிலே வயதைக் கேட்கின்றார்கள். பின்பு நிறை என்ன, உயரம் என்ன, தகப்பனார் எந்த வயதில் எந்த நோயால் இறந்தார், கடந்த ஆண்டுகளில் எந்த வைத்தியசாலையில் மருந்து எடுத்தீர் என்று கேள்விகள் நீளுகின்றன. விடைகளைப் பார்த்த பின்னர் ஒருவருக்கு ஒரு கட்டுப்பணமும், அவரோடு ஒரே நாளிற் பிறந்த மற்றொருவருக்கு அதனினும் கூடிய கட்டுப்பணமும் விதிக்கின்றார்கள். இஃது ஏன்? இது நீதியா? இதில் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இவற்றைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

முதலில் தவணைக் காப்புறுதி என்பது யாதெனப் பார்ப்போம். ஒருவர் பத்து அல்லது இருபது ஆண்டு என ஒரு தவணையைக் குறித்து ஆண்டுதோறும் கட்டுப்பணம் செலுத்துகின்றார். அத்தவணைக்குள் அவர் இறந்தால் குறித்த தொகை குடும்பத்துக்குக் கிடைக்கும். தவணை முடியும்போது அவர் உயிரோடிருந்தால் சாதாரணமாக ஒன்றும் திரும்பக் கிடையாது. வங்கியில் வீட்டுக் கடன் பெறுவோர் பலர் இவ்வகைக் காப்புறுதியைச் செய்துகொள்கின்றனர். கடன் குறையக் குறையக் காப்புத் தொகையும் குறைந்துகொண்டு வருவது அதில் ஒரு வகை.

சேமிப்போடு கூடிய ஆயுட் காப்புறுதியில் நாம் செலுத்தும் பணத்தின் பெரும்பகுதி நமக்கே திரும்பி வரும் சேமிப்பாகும். தவணைக் காப்புறுதியிலோ, நிர்வாகச் செலவு போக, நாம் செலுத்துவது முழுவதும் சாவென்னும் அபாயத்துக்குரிய விலையே. ஆகவேதான் அதன் கட்டுப்பணம் குறைவாக இருக்கின்றது. அதே காரணத்தால், தேகத்தில் ஒரு நோய் இருப்பின் அந்நோயின் பாரம் இவ்வகைக் காப்புறுதியின் மீதே முழுமையாக விழுகின்றது.

ஓர் எளிய கணக்கினால் இதனை விளக்குவேன். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். எந்த நிறுவனத்தின் கணக்கும் அன்று. 35 வயதுடைய 1000 ஆடவர் சேர்ந்து, இவ்வருடத்தில் இறப்பவரின் குடும்பத்துக்குப் 10 இலட்சம் ரூபா கொடுப்பதென உடன்படுகின்றார்கள். அவ்வயதினரில் ஆயிரத்துக்கு இருவர் இறப்பர் என்று முன்னனுபவம் காட்டுகின்றது. அப்படியாயின் தேவைப்படுவது 20 இலட்சம் ரூபா. ஒருவர் பங்கு 2000 ரூபா. இனி, ஒரு குறிப்பிட்ட நோயுள்ள 1000 பேர் தனியே ஒரு கூட்டமாகச் சேருகின்றார்கள். அவர்களில் மூவர் இறப்பர் என்பது அனுபவம். தேவைப்படுவது 30 இலட்சம். ஒருவர் பங்கு 3000 ரூபா. அந்த மூவர் யார் யார் என்று எவருக்கும் தெரியாது. மற்றைய 997 பேரும் ஆண்டு முழுவதும் நலமாகவே இருப்பார்கள். எனினும் பங்கு 3000 ரூபாதான். காப்புறுதிக்காரர் தனிமனிதனுடைய சாவைக் கணிப்பதில்லை. அவன் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் சாவைக் கணிக்கின்றார்.

இரு கூட்டத்தாரையும் ஒன்றாய்ச் சேர்த்து, தலைக்கு 2500 ரூபா என்று வைத்தால் என்ன? நமது சங்கத்தில் அப்படித்தானே செய்கின்றோம் என்று நீங்கள் கேட்கலாம். சங்கத்தில் அது நடப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் குடும்பங்கள் அனைத்தும் அதிலே சேர்ந்திருக்கின்றன. நோய் வந்த பின்னர் சேரலாம் என்று எவரும் காத்திருப்பதில்லை. கொடுக்கப்படும் தொகையும் சிறியது. காப்புறுதி நிறுவனத்தின் வாயிலோ எவரும் எந்நாளும் நுழையக்கூடியது. அங்கே எல்லோருக்கும் ஒரே விலை என்றால், நலமுள்ளவர் தமக்கு விலை அதிகமென்று விலகிவிடுவர். நோயுள்ளவர் மலிவென்று திரளாக வருவர். விலை மேலும் ஏறும். ஏறவே இன்னும் சிலர் விலகுவர். ஈற்றில் நிதி வற்றிப்போகும். வாக்குறுதியை நம்பியிருந்த விதவையின் கைக்கு ஒன்றும் வராது.

இந்த உண்மையை மனிதர் மெல்ல மெல்லவே கண்டறிந்தனர். வால்வெள்ளியினால் பெயர்பெற்ற வானநூல் அறிஞர் எட்மண்ட் ஹலி, பிரெஸ்லோ நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பர் என்று காட்டும் அட்டவணையை 1693ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியர், வயது கூடிவிட்டது என்ற காரணத்தால் ஒரு காப்புறுதிச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. வயதுக்கேற்ற விலையை நியாயமாகக் கணிக்க முடியும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கை அடிப்படையாகக் கொண்டு, அவர் மறைந்த பின்னர் 1762ஆம் ஆண்டிலே இலண்டனில் எக்குயிற்றபிள் சங்கம் தோன்றியது.

வயதின் கணக்கு இவ்வாறு தீர்ந்தது. நோயின் கணக்கு அப்பொழுதும் தீரவில்லை. நலிந்த தேகமுடையோரை நிறுவனங்கள் ஏற்க மறுத்தே வந்தன. 1824ஆம் ஆண்டிலே இலண்டனில் வைத்தியர்களின் முயற்சியாற் தொடங்கப்பட்ட கிளெரிக்கல் மெடிக்கல் நிறுவனம், கூடுதற் கட்டணம் பெற்றுக்கொண்டு நோயுடையோரையும் ஏற்க முன்வந்தவற்றுள் ஒன்று. நேயர்கள் இதனைச் சற்றே மனத்திற் கொள்ள வேண்டுகின்றேன். கூடுதற் கட்டுப்பணம் நோயாளிக்கு விதித்த தண்டனையாகத் தோன்றவில்லை. அதுவரை மூடியிருந்த கதவைத் திறக்கும் விலையாகவே தோன்றியது.

நீதியற்ற விலையும் இருந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்தியாவிலிருந்த அந்நிய நிறுவனங்கள் இந்தியருடைய உயிர் எதுவாயினும் அதனைத் தரங்குறைந்த உயிரென்று கருதி மேலதிகக் கட்டணம் வாங்கின. 1870ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட பம்பாய் மியூச்சுவல் என்னும் சங்கமே இந்தியரைச் சாதாரணக் கட்டணத்தில் ஏற்றுக்கொண்டு அவ்வழக்கத்தை மாற்றியது. பிறப்பைக் கொண்டு விலை கூறுவது வேறு. ஒருவருடைய தேகத்தை ஆராய்ந்து விலை கூறுவது வேறு.

தேகத்தை ஆராயும் முறையும் பின்னர் ஒழுங்குபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் லைஃப் நிறுவனத்தின் வைத்தியர் ஒஸ்கார் ரோஜர்சும், காப்புறுதிக் கணிப்பாளர் ஆதர் ஹண்டரும் புள்ளி முறை ஒன்றை வகுத்தனர். சாதாரண மனிதனுக்கு 100 புள்ளி. மிகை நிறைக்கு இத்தனை, உயர் இரத்த அழுத்தத்துக்கு இத்தனை என்று புள்ளிகள் கூட்டப்படும். சாதகமான அம்சங்களுக்குச் சில புள்ளிகள் கழிக்கப்படும். ஈற்றில் 150 என்று வந்தால், சாவின் அபாயம் சாதாரணத்தினும் பாதிப் பங்கு அதிகம் என்பது பொருள். இன்றும் நிறுவனங்கள் பின்பற்றுவது இம்முறையின் வழிவந்ததே.

நோயறிந்த நிறுவனம் செய்யக்கூடியவை பல. சாதாரணக் கட்டணத்திலேயே ஏற்கலாம். கட்டணத்தை நூற்றுக்கு இவ்வளவு என உயர்த்தலாம். அண்மையில் ஒரு பெரும் சத்திர சிகிச்சை நடந்திருந்தால், சில ஆண்டுகளுக்கு மட்டும் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு இத்தனை ரூபா என மேலதிகம் பெறலாம். தவணையைச் சுருக்கலாம். சிகிச்சை முடியட்டும் என்று விண்ணப்பத்தை ஒத்திவைக்கலாம். முற்றாக மறுக்கவுஞ் செய்யலாம். ஆகவே நோயுண்டு என்று எழுதினால் மறுத்துவிடுவார்கள் என அஞ்சுவது பெரும்பாலும் தேவையற்ற அச்சமாகும்.

இனி நமது பகுதியிற் காணப்படும் நோய்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். நீரிழிவை, அதாவது சீனி வருத்தத்தை எடுத்தால், அது எந்த வயதில் வந்தது, கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு எவ்வளவு, சிறுநீரகத்துக்கோ கண்ணுக்கோ கேடு உண்டா என்பனவற்றை நிறுவனம் பார்க்கும். ஐம்பது வயதில் நோய் கண்டு, கிளினிக்குக்குத் தவறாது சென்று, அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கும், முப்பது வயதிலே கண்டு மருந்தைக் கைவிட்டவருக்கும் விதிக்கப்படும் கட்டுப்பணம் ஒன்றாய் இராது. உயர் இரத்த அழுத்தமும் அவ்வாறே. மாத்திரையினால் அடங்கியிருக்கும் அழுத்தத்துக்கு மேலதிகம் சிறிது. சில வேளை இல்லாமலும் போகலாம். அடங்காத அழுத்தத்துக்கு மேலதிகம் பெரிது. இருதய நோய்க்கு ஈ.சி.ஜி. முதலிய பரிசோதனைகளைக் கேட்பர். காசநோய் முழுச் சிகிச்சையால் நீங்கிச் சில காலம் கழிந்திருந்தால் அதன் பாரம் பெரிதுங் குறையும். நம் பெண்களிடம் காணப்படும் இரத்தச் சோகைக்கு, காரணம் அறியப்படும்வரை விண்ணப்பத்தை ஒத்திவைப்பதுண்டு.

புகையிலையைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை கூற வேண்டும். புகைப்பவருக்கு ஒரு விலை, புகையாதவருக்கு ஒரு விலை என்பது இன்று பல நாடுகளில் வழக்கம். நம் தோட்டங்களிலோ புகையிலை பெரும்பாலும் வெற்றிலையோடு வாய்க்குட் செல்கின்றது. படிவத்திலே புகையிலையை எவ்வகையிலேனும் பாவிப்பதுண்டா என்று கேட்டிருக்க, நான் சுருட்டுப் பிடிப்பதில்லை என்று எண்ணி, இல்லை என எழுதிவிடுகின்றோம். புகையிலையைப் பாவித்தவரின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் கொட்டினின் என்னும் பொருளைப் பரிசோதனையாற் காண முடியும். மென்றவருக்கும் புகைத்தவருக்கும் அதில் வேற்றுமையில்லை. பாக்குத்தானும் புற்றுநோயை விளைவிக்க வல்லது என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் கூறுகின்றது. காப்புறுதி வேண்டாதவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய விஷயம் இது.

நிற்க. இவ்வளவு நேரமும் கணக்கைக் கூறினேன். இனி என் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பாடசாலையிற் படித்த இரு பிள்ளைகளின் தந்தையார், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஓர் ஆயுட் காப்புறுதிப் படிவத்தோடு என் காரியாலயத்துக்கு வந்தார். சாட்சிக் கையொப்பம் வேண்டும் என்றார். படிவம் அவர் வாசிக்க அறியாத மொழியில் இருந்தது. முகவரே அதை நிரப்பியிருந்தார். நோய்க் கேள்விகள் அத்தனைக்கும் எதிரே 'இல்லை' என்ற ஒரே விடை வரிசையாக நின்றது. எனக்கு வேலை மும்முரம். மணி அடிக்கும் நேரம். அவர் மாதந்தோறும் சீனி கிளினிக்குக்குச் செல்பவர் என்பதை நான் அறிவேன். இருந்தும் ஒரு வரியையேனும் வாசியாமற் கையொப்பமிட்டேன்.

பதினாறு மாதங்கள் கழித்து அவர் மாரடைப்பினால் இறந்தார். நிறுவனம் வைத்தியச் சான்றுகளைக் கேட்டது. அவருடைய மனைவி கிளினிக் கொப்பியைத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். கணவர் நோயாளி என்பதற்கு அது நல்ல சான்று என்றே அவர் எண்ணினார். பத்திரம் எடுப்பதற்கு ஆறு வருடம் முன்பே நோய் இருந்ததென்று அக்கொப்பியிலே முதற் பக்கத்தில் எழுதியிருந்தது. காப்புத் தொகை மறுக்கப்பட்டது.

அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வம்மையார் என்னிடம் வந்தார். "கேட்டார்கள் என்று நானேதானே ஐயா கொப்பியைக் கொடுத்தேன்" என்று மட்டுஞ் சொன்னார். அதற்கு மறுமொழி கூற எனக்கு வாய் எழவில்லை. மூத்த பெண் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். விஷயமறிந்த ஒருவரிடம் பின்னர் கேட்டபோது, உண்மையை எழுதியிருந்தால் கட்டுப்பணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருக்கும். பத்திரம் கிடைத்திருக்கும் என்றார். அந்த அரை மடங்கை மிச்சம் பிடிக்கப்போய் முழுவதும் போயிற்று. முகவர் தீயவர் என்று நான் கூறமாட்டேன். கட்டுப்பணம் குறையட்டும் என்று அவர் உதவி செய்ததாகவே எண்ணியிருப்பார். படித்தவன் என்று நம்பி என்னிடம் கொண்டுவந்த காகிதத்தை வாசியாது விட்டவன் நான்.

சட்டம் இதில் உறுதியாக இருக்கின்றது. 1766ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு, சுமாத்திராத் தீவிலிருந்த ஒரு கோட்டையைப் பற்றிய காப்புறுதி வழக்கில், காப்புறுதி ஒப்பந்தம் பூரண நம்பிக்கையின் மீது நிற்பது, முக்கியமான உண்மையை இரு தரப்பாரும் மறைத்தலாகாது என்று தீர்ப்புக் கூறினார். ஆயுட் காப்புறுதி விஷயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்று நம் நாட்டில் குடியியற் சட்டக் கட்டளை விதித்தது. அதன் வழியே அக்கோட்பாடு இங்கும் வேரூன்றியது. இந்தியாவில் பத்திரம் நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டு கடந்தபின் அதை எக்காரணத்தாலும் கேள்விக்கு உட்படுத்தலாகாது என்று 2015ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறுகின்றது. நம் நாட்டில் அதை நம்பியிராது, அவரவர் பத்திரத்தில் உள்ள விதிகளையே வாசித்தறிதல் வேண்டும்.

சிறு தொகைக்கு வைத்தியப் பரிசோதனை இல்லாமலே பத்திரம் தருவதுண்டு. பரிசோதனை இல்லையே, ஆகவே நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. வைத்தியர் பார்க்காத இடத்தில் உங்கள் வாக்குமூலத்தை மட்டுமே நம்பிப் பத்திரம் எழுதப்படுகின்றது. வாக்குமூலம் பொய்யாயின் பத்திரம் நிற்க வேறு ஆதாரமில்லை.

எனவே நான் கூறக்கூடிய ஆலோசனைகள் சில. இளமையிலே, நோய் வருமுன் பத்திரம் எடுத்தால் விலை குறைவு. தவணை முழுவதற்கும் கட்டுப்பணம் மாறாதென விதித்த பத்திரமாயின், பின்னர் நோய் வந்தாலும் அவ்விலை உயர்வதில்லை. படிவத்தை நீங்கள் அறிந்த மொழியிலே கேட்டு வாங்குங்கள். கிடையாவிடின் அறிந்த ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் வாசிப்பியுங்கள். கிளினிக் கொப்பியை ஒளிக்காதீர்கள். அதனை அருகில் வைத்துக்கொண்டே விடையளியுங்கள். ஒழுங்காகக் கிளினிக்குக்குச் சென்ற பதிவு உங்களுக்கு எதிரானதன்று. நோய் கட்டுப்பாட்டில் உண்டு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியில்லை. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் அச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. நிரப்பிய படிவத்தின் பிரதியொன்றை வாங்கி வீட்டில் வையுங்கள்.

ஒரே நிறுவனத்தோடு நின்றுவிட வேண்டியதுமில்லை. 1962ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஆயுட் காப்புறுதி அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிருந்தது. 1980களின் பிற்பகுதியிலே தனியாருக்கும் வழி திறந்தது. இன்று நிறுவனங்கள் பல. ஒரே நோய்க்கு ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் மதிப்பிடக்கூடும். ஆனால் முன்பு ஒரு நிறுவனம் மறுத்திருந்தால் அதனையும் அடுத்த படிவத்தில் எழுத வேண்டும். கூடுதற் கட்டுப்பணம் விதிக்கப்பட்டவர், சில ஆண்டு நோயை நன்கு அடக்கி வைத்திருந்தால், மேலதிகத்தைக் குறைக்குமாறு எழுதிக் கேட்கலாம். சில நிறுவனங்கள் இணங்குவதுண்டு. அநீதி நேர்ந்ததென்று கருதினால் முறையிடுவதற்குக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் உளர்.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் நானும் ஒரு வீட்டுக் கடனுக்காகத் தவணைக் காப்புறுதி செய்ய நேர்ந்தது. நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவன். படிவத்தை என் கையாலேயே நிரப்பினேன். மாத்திரையின் பெயரையும் எழுதினேன். நான் எதிர்பார்த்ததிலும் காற்பங்கு கூடுதலாகவே கட்டுப்பணம் வந்தது. முதற் கணம் மனம் சலித்தது உண்மை. பின்னர் அந்த அம்மையார் கடிதத்தோடு நின்ற தோற்றம் நினைவுக்கு வந்தது, பணத்தைக் கட்டினேன்.

இப்பொழுது எவர் படிவம் கொண்டுவந்தாலும் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கேள்வி கேள்வியாகத் தமிழில் வாசித்து விளக்கிய பின்னரே கையொப்பமிடுகின்றேன். அதற்கு அரை மணி நேரம் செல்லும். உங்கள் ஊரிலும் ஓர் ஆசிரியரோ, தபாலதிபரோ, கிராம சேவையாளரோ இருப்பார். அவரிடம் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். கூடுதலாகச் செலுத்தும் சில நூறு ரூபா உங்களுக்குப் பாரமாகத் தோன்றலாம். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதற்கு அதுவே உறுதி.